ஞாயிற்றுக்கிழமைப் பிரபுக்கள்

வீட்டு வேலைக்குப் போனால் முதுகு வலிக்கும் என்று எல்லோரும் சொல்லித்தான் அனுப்புவார்கள். வயிறு எரியும் என்று ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை.

பலெர்மோவில் லிபெர்த்தா வீதிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கதவு திறந்து, கோப்பி ஊற்றி, வெள்ளிக் கரண்டி மினுக்கி, வயதானவர்களைக் கைபிடித்து மாடிப்படி ஏற்றி இறக்கும் என் சக தொழிலாளர்களே, இது உங்களுக்கு. முன் வீட்டில் வேலை செய்கிறவரைப் பார்த்து ஒருநாளும் பெருமூச்சு விடாத நல்ல மனசுக்காரர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் கிட்ட வாருங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்.

இல்லாத பட்டம்

போர் முடிந்த பிறகு வன்னியிலிருந்து மனைவியையும் தங்கச்சி வதனியையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில் மக்வேதா வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினிக்குள் கோப்பை கழுவினேன். அதற்குப் பிறகுதான் பரோன் வீடு கிடைத்தது. மனைவியை இழந்து தனியாக இருந்த, எண்பது தாண்டிய மனுஷன். முதல்நாள் நான் மரியாதையாக "சிஞ்ஞோரே, கோப்பி" என்றேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருமுறை சத்தமாகச் சொன்னேன். அசையவில்லை. பாவம், காது கேட்காது போல என்று நினைத்து நான் கிட்டப் போகிற நேரம், நாலு மாடிக்குக் கீழேயிருந்து வாசல்காவலாளி "பரோனே!" என்று கூப்பிட்டான். மனுஷன் சட்டென்று திரும்பி "என்ன?" என்றார். அன்றிலிருந்து நானும் "பரோனே" என்றுதான் கூப்பிடுகிறேன். கோப்பி ஆறுவதற்குள் கை நீளுகிறது.

பிறகுதான் தெரியும், இந்த நாடு குடியரசான காலத்திலேயே பட்டங்களுக்கெல்லாம் சட்டத்தில் இடமில்லாமல் போய்விட்டது. அடையாள அட்டையில் அவர் வெறும் ஓய்வுபெற்ற சட்டத்தரணி. ஆனால் சந்தைக்கு அவரோடு போய்ப் பாருங்கள். மீன்கடைக்காரன் ஆட்களை விலக்கி வழி விடுவான், நல்ல மீனை அடியிலிருந்து எடுத்துத் தருவான். எனக்கோ, நான் தனியாகப் போனால், மேலே கிடப்பதுதான் கிடைக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், பட்டத்தைச் சட்டம் எடுத்துவிட்டதாமே என்று. பரோன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"சட்டம் காகிதத்திலிருந்து எடுத்தது. மீன்காரனுடைய வாயிலிருந்து எடுக்கச் சொல், பார்ப்போம்."

எந்த வீடு?

பரோனைச் சொல்லிச் சிரித்துவிட்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். அல்பெர்கேரியாவில் எங்கள் ஆட்களின் சங்க மண்டபத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால், "எந்த ஊர்?" என்று கேட்க முன்னம் "எந்த வீடு?" என்றுதான் கேட்போம். மார்கேசா என்றால் பரோனைவிட ஒரு படி மேலான பட்டத்துச் சீமாட்டி; அந்த வீட்டுக்காரருக்கு முன்வரிசைக் கதிரை. பரோன் வீட்டுக்காரருக்கு அதற்குப் பின்னால். பிறகு டொக்டர் வீடு, வக்கீல் வீடு. மணித்தியாலக் கணக்கில் நாலு வீடு கூட்டித் துடைப்பவர்கள் சுவரோரம். நான் கோப்பை கழுவிய காலத்தில் செருப்புக் கழற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். யாரும் எழுதி வைத்த விதி இல்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது எறிந்திருக்கலாம்.

பரோன் வீட்டில் சேர்ந்ததும் எனக்கும் இரண்டாம் வரிசையில் கதிரை விழுந்தது. ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தேன். அதன்பிறகுதான் எனக்கு முன்னால் யாருடைய தலை மறைக்கிறது என்று கவனித்தேன். பாலா. எங்கள் தெருவில் நேர் எதிரே மார்கேசா வீட்டில் வேலை. என்னைவிட இளையவர். ஆனால் ஊரெல்லாம் பாலா அண்ணை. அவர் என்னை யோகன் அண்ணை என்பார், நானும் அவரைப் பாலா அண்ணை என்பேன், வேறு வழி? அந்த வீட்டில் முதலில் அவருடைய பெரியப்பா இருந்தார். பெரியப்பா லண்டன் போகிறபோது தம்பியைக் கொண்டுவந்து குசினிக்குள் ஒரு கிழமை நிறுத்திப் பழக்கி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி தன் மகன் பாலாவிடம் கொடுத்தார். உங்களுக்குத் தெரியாததா, நல்ல வீடு ஒருநாளும் வெளியே வராது, குடும்பத்துக்குள்ளேயே கைமாறும். நான் தெருத்தெருவாக மணி அடித்து வேலை கேட்டவன். மார்கேசாவின் செத்துப்போன புருஷனுடைய மேல்கோட்டு பாலாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறது. பரோன் தந்த கோட்டைப் போட்டால் எனக்கு முழங்காலுக்குக் கீழே இழுபடுகிறது. கடவுளுக்கும் வீடு பார்த்துத்தான் கண் தெரிகிறது என்று நினைத்தேன். பல் வைத்தியர் வீட்டில் அவருடைய தாயைப் பார்க்கிற கிளி அக்கா பக்கத்தில் இருந்து என் முகத்தைப் படித்துவிட்டா.

"பரோன் வீட்டுக்குப் போனாப் பிறகு உன்ரை கால் நிலத்திலை படாது எண்டு நினைச்சன் யோகன். இப்ப பாத்தா உன்ரை கண்ணெல்லோ பாலாவின்ரை முதுகிலை ஒட்டிக்கிடக்கு."

வியாழனும் கடவுள் படைத்த நாள்

கதிரையோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். வதனிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை தெரிந்த இடத்துப் பெடியன், மிலானோவில் வேலை. எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அம்மா அப்பா இல்லை, மாமன் மச்சான் என்று சொல்ல மிஞ்சியவர்களும் இல்லை. அந்தப் பிள்ளை மணவறையில் இருந்து நிமிர்ந்து பார்க்கிறபோது மண்டபம் நிறைந்திருக்க வேண்டும். வெறும் கதிரைகளைப் பார்த்து அவள் தாலி கட்டிக்கொள்ளக் கூடாது. வேறு நகை நட்டு, மேளம், சோடனை எதுவும் எனக்குப் பெரிதில்லை.

இங்கேதான் சிக்கல். எங்களுக்கு லீவு என்றால் ஞாயிறு முழுநாள், வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு. முகூர்த்தமோ காலையில். வியாழன் காலையில் எல்லோரும் எசமானுக்குப் பாஸ்தா அவித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே கலியாணத்துக்கு ஞாயிறு வேண்டும். சங்கத்தில் இரண்டு சபை உண்டு. ஒன்று நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற நிர்வாகம். மற்றது மூத்தோர் சபை. முதன்முதல் இந்த ஊருக்கு வந்து, பாழடைந்த பண்டகசாலையைக் கழுவிக் கூட்டி மண்டபமாக்கிய சில குடும்பங்கள், பாலாவின் குடும்பம் உட்பட, அதில் இருக்கும். தகப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன். வாக்கும் இல்லை, தவணையும் இல்லை. மண்டபத்தின் ஞாயிறுகளில் முதல் உரிமை அவர்களுக்கு. மார்கழி பிறக்கும்வரை மிச்சமிருந்த எல்லா ஞாயிறையும் அந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே பிடித்திருந்தன. ஒன்றில் பிறந்தநாள், இன்னொன்றில் பாலாவின் மகளுடைய அரங்கேற்றம். நான் மூத்தோர் சபைப் பெரியவரிடம் போய்க் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. கதிரையில் சாய்ந்தபடி என்னை ஆறுதல்படுத்தினார்.

"ஏன் தம்பி முகம் வாடுறீர்? வியாழக்கிழமையும் கடவுள் படைச்ச நாள்தானே."

பாட்டனாரின் ஆசனம்

அந்த வருஷம் இத்தாலி முழுக்க ஒரே கதை. நாட்டின் மேல்சபையான செனட்டை மாற்றப்போகிறார்களாம். ஆட்களைக் குறைத்து, மக்கள் நேரே வாக்குப் போட்டு அனுப்புவதையும் நிறுத்தி, மேயர்களையும் பிராந்தியச் சபைக்காரர்களையும் கொண்டு நிரப்புவார்களாம். சம்மதமா இல்லையா என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைப்பார்களாம். பரோனுக்கு இது குடும்ப விஷயம். அவருடைய பாட்டனார் ராசா காலத்தில் செனட்டர். ராசா நியமித்தார், சாகும்வரை இருந்தார், ஒரு மனிதனிடமும் போய் வாக்குக் கேட்கவில்லை. "அப்ப பழையபடி மக்கள் தெரிவு செய்யாத சபைதானே வரப்போகுது, உங்களுக்குச் சந்தோஷம்தானே?" என்று நான் வாயைக் கொடுத்தேன். மக்கள் தெரிவு செய்யாதது நல்லதுதான், ஆனால் பாட்டனாரின் ஆசனத்தில் ஒரு மேயர் வந்து குந்துவதா என்று கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கோப்பித் தட்டை நான் வாங்கி வைத்தேன்.

கொஞ்சம் ஆறியபிறகு அவருடைய உண்மையான புண் எது என்று தெரிந்தது. ராசா தந்த ஆசனம் பாட்டனாரோடு போய்விட்டது. மார்கேசா குடும்பமோ அதற்கும் முந்தி, சிசிலிக்கென்று தனிப் பாராளுமன்றம் இருந்த காலத்தில், பிறந்த உரிமையிலேயே பலாரோச் சந்தைக்கு மேலே இருக்கிற அந்த அரண்மனையில் போய் இருந்தவர்கள். பரோன் குடும்பம் அப்போது மலையில் கந்தகம் தோண்டிக்கொண்டிருந்ததாம். பட்டம் பிறகு வாங்கியது. இதைச் சொல்லும்போது எதிர்வீட்டு யன்னலைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நானும் அதே யன்னலைத்தான் பார்க்கிறேன், கீழே குசினிப் பக்கம். நான் எங்கள் மூத்தோர் சபையைப் பற்றிச் சொன்னேன். கதிரைகள் பிள்ளைக்குப் பிள்ளை போவதை நிறுத்தவும், ஞாயிறுகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கவும் பொதுக்கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரப் போகிறேன், ஆனால் மூத்தோர் சபையே சம்மதிக்காவிட்டால் அது செல்லாது என்றேன். உங்கள் செனட் எப்படித் தன்னைத்தானே குறைக்கச் சம்மதித்தது என்று கேட்டேன். பரோனுக்கும் அதுதான் இன்னும் விளங்கவில்லை.

"தங்கள் ஆசனத்தை வெட்டத் தாங்களே கை தூக்கினார்கள், யோகன். என் பாட்டனார் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருக்க மாட்டார், கைத்தடியைத் தூக்கியிருப்பார்."

கொடுத்த கை

நான் பிரேரணைக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினேன். கலியாணச் சீசன் முடியத்தான் பொதுக்கூட்டம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதற்குள் ஒரு வியாழன் பின்னேரம் பாலா என் வீட்டுக்கே வந்தார். என்னைத் தட்டிக்கேட்க வருகிறார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் பழம் கொண்டுவந்திருந்தார். வதனியிடம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். தேத்தண்ணியைக் குடித்து, நல்லாயிருக்கு என்று சொல்லி, தங்கள் ஞாயிறை எங்களுக்கு விடுவதாகச் சொன்னார். மகளின் அரங்கேற்றத்துக்குப் பிடித்து வைத்திருந்த, மார்கழிக்கு முந்திய ஞாயிறு.

வதனி அழுதேவிட்டாள். நான் நன்றி சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், பல்லுக்குள்ளால் வந்தது. ஞாயிறு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம் இல்லையா? நிறையச் சந்தோஷம். ஆனால் உரிமையாக வரவேண்டியது, வாழைப்பழச் சீப்போடு சேர்ந்து அன்பளிப்பாக வருகிறது. கொடுப்பதற்கு ஒரு ஞாயிறு கையில் இருந்தால் நானும்தான் இப்படி அழகாகக் கொடுப்பேன்! வாசல்வரை போய் வழியனுப்பினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"ஆட்டம் எண்டைக்கும் ஆடலாம் யோகன் அண்ணை, முகூர்த்தம் எங்களுக்காக நிக்குமே? தங்கச்சியின்ரை கலியாணம் நல்லா நடக்கட்டும்."

அரசாங்கம் பார்த்த நல்லநாள்

அழைப்பிதழ் அடித்தாயிற்று. வீடு வீடாகப் போய், வெற்றிலைத் தட்டோடு எல்லோரையும் கேட்டாயிற்று. எல்லோரும் வருகிறோம் என்றார்கள். அதன்பிறகுதான் அரசாங்கம் மக்கள் வாக்கெடுப்புக்கு நாள் குறித்தது. எந்த ஐயரிடம் கேட்டார்களோ தெரியாது, எங்கள் முகூர்த்த நாளையே எடுத்துவிட்டார்கள். பெரிய இடத்துக் கிழவர் கிழவிகளுக்கு வாக்குப் போடுவது என்றால் ஒரு சடங்கு. காலைப் பூசை முடிய, நல்ல கோட்டைப் போட்டு, முத்துமாலை போட்டு, பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்துப் படி ஏறவேண்டும். படி ஏறப் பிடிப்பதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை எங்களுடையது.

என் பரோன் எனக்கு மட்டும் லீவு தந்தார். நான் இல்லாமல் வாக்குப் போடமுடியாது, பரவாயில்லை, பாட்டனார் மன்னிப்பார் என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அண்ணனும் அண்ணியும் மட்டும் இருந்தால் அது சபையா? ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார்கள். குறை சொல்லவும் முடியாது. பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க வேலை வேண்டும், வேலைக்கு எசமான் வேண்டும். எத்தனை கதிரை போடச் சொல்வது என்று மண்டபத்தில் கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று நழுவினேன். வதனி பட்டியலை எடுத்து வைத்து ஒவ்வொரு பெயராக வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கிளி அக்காவும் எடுத்தா.

"எங்கடை கிழவிக்குப் பதினொண்டுக்குத்தான் வாக்குப் போடோணுமாம், சாகிறன் எண்டு நிக்கிறா. செனட் இருந்தா என்ன போனா என்ன யோகன், என்ரை ஞாயிறு போச்சு."

மார்கேசா எடுத்த தொலைபேசி

கலியாணத்துக்கு முந்திய கிழமை, பரோனுக்குச் சூப் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், தொலைபேசி அடித்தது. மார்கேசா. பரோன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பேசினார், கோட்டுப் பொத்தானைக்கூடப் போட்டார். மார்கேசா சொன்னது இவ்வளவுதான். காலையில் வாக்குச்சாவடிக்குப் போவது கடைக்காரர்களுடைய பழக்கம். நல்ல குடும்பத்தவர் ஐந்து மணிக்குப் பிறகுதான் போவார்கள். தானும் அப்போதுதான் போகிறா. "நிச்சயமாக, மார்கேசா! காலையிலா? யார் போவார்கள்!" என்றார் பரோன். பதினொரு மணிக்கென்று ஒரு மாதமாகக் கோட்டை வெயிலில் காயப்போட்டு வைத்திருந்த மனுஷன்.

அன்று இரவு படுக்கைக்குப் போக முன்னமே தெருவில் எல்லா வீட்டிலும் தொலைபேசி அடித்து முடிந்துவிட்டது. பாலா, மார்கேசாவுக்குப் பின்னேரத் தேத்தண்ணி கொடுக்கும்போது, காலையில் பள்ளிக்கூடத்தில் சனநெரிசலாக இருக்குமாம், யார் யாரோ வருவார்களாம் என்று ஒரு வார்த்தை போட்டாராம். அவ்வளவுதான் அவர் செய்தது. கிளி அக்காவின் கிழவி உட்பட ஒருவரும் ஐந்துக்கு முன் வாக்குப் போடத் தயாராக இல்லை. எனக்கு மூச்சு வந்தது. கூடவே அந்தப் பழைய எரிவும் வந்தது. நான் வீடு வீடாக ஏறியும் கிடைக்காததை இந்த மனுஷன் சீனி கலக்குகிற நேரத்துக்குள் முடித்துவிட்டாரே! பரோன் தொலைபேசியை வைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றி, எதிர்வீட்டு யன்னலைப் பார்த்தார்.

"அந்தப் பெண் நாளைக்குத் தலைகீழாக நடப்பதுதான் நாகரிகம் என்றால் இந்தத் தெருவே தலைகீழாக நடக்கும். நான் சொன்னால் என் பூனைகூட நடக்காது."

நிறைந்த சபை

மண்டபம் நிறைந்தது. கதிரை போதாமல் பக்கத்துக் கோப்பிக் கடையில் இரவல் வாங்கினோம். நானும் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தோம். தாலி ஏறும்போது அத்தனை கை அட்சதை போட்டது. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் மறைத்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு யார்மேலும் பொறாமை இருக்கவில்லை. உலகத்திலேயே பெரிய ஆள் நான்தான் என்று இருந்தது.

நிமிஷம் முடிந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால், வாசலில் பட்டு வேட்டியோடு பாலா. வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்று, பன்னீர் தெளித்து, முதியவர்களைப் பிடித்துக் கொண்டுபோய் இருத்துகிறார். வருகிறவர்கள் எல்லோரும் அவர் கையைப் பிடித்துத்தான் "நல்ல விசேஷம், நல்ல சனம்" என்கிறார்கள். தெரியாதவர் ஒருவர் வந்தால் பெண்வீட்டுக்காரர் அவர்தான் என்று சத்தியம் செய்வார். இந்தச் சனம் எனக்கு வந்ததா, அவருக்கு வந்ததா என்று அந்த இடத்திலேயே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். வதனி மாலையோடு வந்து என் காலில் விழுந்து எழும்பி, மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"அண்ணா, எங்களுக்கு இவ்வளவு சனம் இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

முதல் கை

வாக்கெடுப்பில் இத்தாலி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. செனட் இருந்தபடியே இருந்தது. பரோன் தன்னால்தான் வென்றது என்றார், பிறகு மார்கேசாவும் வேண்டாம் என்றுதான் போட்டாவாம் என்று கேள்விப்பட்டு முகம் சுருங்கினார்.

எங்கள் பொதுக்கூட்டம் அடுத்த வியாழன். பிரேரணையைக் கொண்டுவராதே என்று ஆட்கள் காதைக் கடித்தார்கள். பாலா தன் ஞாயிறையே தந்திருக்கிறார், உனக்கு முகம் இருக்கா என்று கேட்டார்கள். அதனால்தான் எழும்பினேன். ஞாயிறு ஒருவர் மனம்வைத்துக் கொடுக்கிற பொருளாக இருக்கக்கூடாது, நாளைக்கு இன்னொரு வதனிக்குக் கொடுக்க இன்னொரு பாலா இல்லாமல் போகலாம் என்றேன். மூத்தோர் சபை வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் ஒரு கை மேலே போனது. பாலாவுடையது. அதைப் பார்த்துப் பக்கத்துக் கை, அதைப் பார்த்து அடுத்தது. பிறகு முழு மண்டபமும். பரம்பரைக் கதிரைகள் அன்றோடு முடிந்தன. நான் வென்றுவிட்டேன். கையைப் பிடித்துக் குலுக்க வருவார்கள் என்று நின்றேன். மூத்தோர் சபைப் பெரியவர் என்னைத் தாண்டிப் போகிறபோது பெருமூச்சு விட்டார்.

"பாலாவே கையைத் தூக்கினாப் பிறகு நாங்கள் மாட்டமெண்டு சொல்லேலுமே?"

வியாழக்கிழமை அரங்கேற்றம்

புதிய முறைப்படி சீட்டுக் குலுக்கினோம். பாலாவின் மகள் அரங்கேற்றத்துக்கு வியாழக்கிழமைதான் விழுந்தது. அதுவும் நடனம் பழக்கிய ரீச்சர் பின்னேரக் கப்பலில் நாப்போலி திரும்பவேண்டும் என்று, பன்னிரண்டு மணிக்கே தொடக்கம். எல்லோரும் பாஸ்தா அவிக்கிற நேரம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு சின்ன மேளம் அடித்தது. வெறும் கதிரைகளுக்கு முன்னால் பிள்ளை ஆடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பாதியாவது வெறுமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். சபை நிறைவது நாளாலா ஆளாலா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. பரோனிடம் நேரத்தோடு போகக் கேட்டேன். தானும் வெளியே போகவேண்டும், போ போ என்று கையை ஆட்டினார்.

அல்பெர்கேரியாச் சந்துக்குள் திரும்பும்போதே செருப்புகள் தெருவரைக்கும் கிடந்தன. உள்ளே கால்வைக்க இடமில்லை. லீவு கிடைத்தவர்கள் வந்திருந்தார்கள். லீவு கிடைக்காதவர்கள் எசமான்களையும் கூட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்! பிளாஸ்டிக் கதிரைகளில் ரோமக்கோட்டுப் போட்ட சிஞ்ஞோராக்கள் வரிசையாக இருந்து மோதகம் சாப்பிடுகிறார்கள். கிளி அக்கா தன் கிழவிக்கு வடையைப் பிய்த்து ஊட்டுகிறா. முன்வரிசையில் நடுவில் மார்கேசா. இரண்டாம் வரிசையில், மார்கேசாவின் தொப்பி மறைக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு என் பரோன். ஞாயிறு இல்லாவிட்டால் சனம் வராது என்று நான் ஒரு வருஷம் சண்டை பிடித்தேன். இந்த மனுஷனுக்கு வியாழன் மத்தியானமே போதுமாக இருந்தது. நானும்தானே ஓடி வந்திருக்கிறேன். வாசலில் பன்னீர்ச்செம்போடு நின்ற பாலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஒரு துளி நையாண்டி இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நல்ல சட்டம் கொண்டுவந்தியள் யோகன் அண்ணை. ஞாயிறெண்டா எங்கடை ஆக்கள் மட்டும்தான் வந்திருப்பினம், வியாழன் எண்டபடியால் சிஞ்ஞோராமாரும் வந்திட்டினம்."

ஆகவே என் சக வருத்தக்காரரே, பரம்பரைக் கதிரைகளைத் தாராளமாக ஒழியுங்கள், அது நியாயம்தான். ஆனால் அதிலிருந்து எழும்பியவர் நிற்கும்போது இன்னும் உயரமாகத் தெரிந்தால் அதற்கு எந்தச் சபையிலும் பிரேரணை கொண்டுவர முடியாது.